மேளம் இருக்கும் வீடு

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தெப்ராவில் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இருக்கிறது அந்தத் தாமான் குடியிருப்பு. ஒற்றை மாடி வீடுகள். ஒன்றின் சுவரே அடுத்ததற்கும் சுவர். ஒரு வீட்டில் பிளெண்டர் ஓடினால் மூன்றாவது வீட்டில் குழந்தை அழும். விடிவதற்கு முன்பே சிங்கப்பூருக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள், பிறகு தொழிற்சாலை பஸ்களின் ஹாரன், ரொட்டி விற்பவரின் மணி, காஸ் தோம்புகளை உருட்டி இறக்கும் லோரி, நாய்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நாடகம் ஓடுவதால் தெருவில் நடந்துகொண்டே ஒரு காட்சியை முழுதாகக் கேட்டுவிடலாம். இதை யாரும் சத்தம் என்று சொன்னதில்லை. ஒரு வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்றால்தான் என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

செல்வராணி அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தபோது பின்பக்கம் செம்பனைத் தோட்டம் இருந்தது. தோட்டம் போய்க் கிடங்குகள் வந்துவிட்டன. தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும், கண்டெய்னர் அடுக்கும் இடத்துக்கும் ஒரு பலகைத் தொழிற்சாலைக்கும் நடுவில், தன் வேப்பமரத்தோடு நிற்கிறது. அவளுக்கு இப்போது ஐம்பத்தோரு வயது. பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. பட்டையில் ஓடிவரும் மூடிகளில் விளிம்பு உடைந்ததை, நிறம் மங்கியதைப் பொறுக்கி எடுக்கும் வேலை. அங்கே இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் சைகையில்தான் பேச வேண்டும். காதுக்கவசம் போடாமல் உள்ளே போக முடியாது. கவசத்தை மாட்டியதும் எல்லாம் தூரத்து மழைபோல் ஆகிவிடும். நாளின் அமைதியான நேரம் அதுதான் என்று ஒருமுறை மகள் ஷர்மினியிடம் சொன்னாள். மகள் சிரித்தாள்; பிறகு, அம்மா சிரிக்கவில்லை என்று கவனித்து நிறுத்திக்கொண்டாள்.

மாதவிலக்கு தாறுமாறாய் வரத் தொடங்கிய வருடம் அது. முதலில் தூக்கம் போயிற்று. அடுத்துத்தான் இது. ஒருநாள் பருப்பு வேகும்போது குக்கர் விசில் அடித்தது. அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு பருப்பைத் திறந்த சட்டியில் வேகவைத்தாள். தட்டைச் சிங்க்கில் போடும் சத்தம், பிளாஸ்டிக் பையைக் கசக்கும் சத்தம், கைப்பேசியில் ஓடும் நகைச்சுவைத் துண்டுகளில் யாரோ சிரிக்கும் சத்தம், எல்லாம் உள்ளே எங்கேயோ போய்க் குத்தின. மழைச் சத்தம் மட்டும் அவளை ஒன்றும் செய்யவில்லை. தகரத்தில் கொட்டுகிற மழையில் அயர்ந்து தூங்கினாள். அதையே நாத்தனார் பிரேமலா பிடித்துக்கொண்டாள். அடுத்த தெருவில் இருப்பவள். நாள் தவறாமல் வருபவள்.

"மழ கொட்டுறப்ப நல்லாத்தான் தூங்குறீங்க அண்ணி. எங்கண்ணன் வாயத் தொறந்தா மட்டும் காது வலிக்குதா?"

அண்ணன் குணாளன் வாயைத் திறந்தால் வலிக்கத்தான் செய்யும். பாரந்தூக்கி லோரி ஓட்டுபவர். இளவயதிலிருந்து உறுமி வாசிப்பவர். இரண்டும் சேர்ந்து அவருடைய இடது காதைப் பாதி தின்றுவிட்டன. தான் மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி உப்புக் கேட்பார். தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் கூட்ட, அவள் குறைக்க, சண்டை என்று சொல்ல முடியாத ஒன்று தினமும் நடந்தது. அவருக்குக் கேட்பது குறைந்துகொண்டே போக, அவளுக்குக் கேட்பது கூடிக்கொண்டே போயிற்று.

அரசாங்கக் கிளினிக்கில் மலாய்க்கார டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். காது நன்றாக இருக்கிறது, விலக்கு நிற்கும் வயதில் சில பெண்களுக்கு இப்படி ஆகும், தூக்கம் கெட்டால் இன்னும் கூடும், கொஞ்ச காலம் வீட்டில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது குணாளன் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆடி நெருங்கியது. கோயில் உறுமி மேளத்துக்கு அவர்தான் மாஸ்டர். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் ரூபேந்திரனும் மற்ற மேளக்காரப் பையன்களும் அவர் வீட்டு அஞ்சடியில், முன்வாசல் கூரைக்கடியில்தான் பழகுவார்கள். காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, பாய் விரித்து, உறுமி, தவில், பம்பை எல்லாம் இறங்கும். உறுமியின் எண்ணெய்த் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் சத்தம் தரை வழியாக வந்து காலில் ஏறும். முன்பெல்லாம் செல்வராணிக்கு அது பெருமை. மேளம் இருக்கும் வீடு என்றுதான் அந்த வீட்டுக்கு அடையாளமே சொல்வார்கள். பெரிய சட்டியில் மீகூன் சேமியா கிண்டி, தேத்தண்ணி கலக்கி, யாருக்குச் சீனி குறைவு என்று கேட்காமலே கொடுப்பாள்.

இந்த வருடம், அவர் உறுமியின் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டாள்.

"இந்த ஒரு வருசம் மட்டும் கோயில் மண்டபத்துல பழகச் சொல்லுங்களேன்."

"மண்டபத்துல சாயம் அடிக்கிறாங்க லா."

"அடிச்சா என்னா. ஒரு பக்கமா ஒக்காந்துக்கலாம்ல?"

"இத்தன வருசமா இங்கதான நடக்குது. நீதான மீகூன் கிண்டித் தருவ. இப்ப என்னா திடீர்னு?"

"முன்ன வலிக்கல. இப்ப வலிக்குது."

"காது நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"காதுல இல்லங்க. எங்கன்னு சொல்லத் தெரியல. நெஞ்சுக்குள்ள நின்னு யாரோ தட்டுற மாதிரி."

"அப்ப நெஞ்சுக்குப் பாக்கலாம். நாளைக்கே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கூட்டிப்போகத் தயாராக இருந்தார். அவள் எழுந்து போய்த் துணி மடித்தாள். அதற்குப் பிறகும் கேட்டாள். சோறு போடும்போது ஒருமுறை, அவர் லோரிக்குக் கிளம்பும்போது ஒருமுறை. ஷர்மினியும் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு அப்பாவிடம் எடுத்துச் சொன்னாள். எல்லா வீட்டுப் பொம்பளைக்கும்தான் வயசாகிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

கொடியேறிய முதல் வெள்ளிக்கிழமை மேளத்துக்குப் பூசை போட்டுத்தான் பழகத் தொடங்குவார்கள். கோயில் பூசாரி ஐயாசாமி வந்து, மேளங்களுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டுவார். அன்றைக்கும் வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். செல்வராணி காலை ஷிப்டு முடிந்து வந்து, சுண்டல் தாளித்து, அதையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வாசலைத் தாண்டவும் சூடம் ஏறவும் உறுமி எழவும் சரியாக இருந்தது.

தட்டு கையிலிருந்து போய்விட்டது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தலை தானாக இரண்டு பக்கமும் ஆடியது. கட்டியிருந்த கொண்டை அவிழ்ந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. சூடத்துக்கு முன்னால், உறுமிக்கு முன்னால், தலைவிரிந்து நடுங்கும் ஒரு பெண் என்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பிரேமலாதான் முதலில் குலவையிட்டாள். பையன்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அருள் ஏறும்போது மேளம் தளரக்கூடாது. அவள் நடுங்க நடுங்க அவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். வேகம் கூடக் கூட அவள் இன்னும் நடுங்கினாள்.

"நிறுத்துங்க!"

ஐயாசாமி கையைத் தூக்கினார். மேளம் நின்றது.

தெருவே நின்றது. யாரோ உள்ளே போய்த் தொலைக்காட்சியை அணைத்தார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேப்பிலை கொண்டுவரப் போனவள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஓடினாள். ஐயாசாமி எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்து, தாயே, பிள்ளைகள் என்ன குறை வைத்தோம், வாய்விட்டுச் சொல்லு என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். குணாளன் உறுமியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கைகூப்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் அப்படிக் காத்திருந்து அவள் பார்த்ததில்லை.

"எனக்குச் சத்தம் வேணாம்" என்றாள்.

அன்றே மேளங்கள் மண்டபத்துக்குப் போயின. சாயம் அடித்தவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிறகு அந்த வீட்டில் வந்த அமைதியைச் செல்வராணி முதலில் நம்பவில்லை. குணாளன் தொலைக்காட்சி போடுவதை விட்டார். கதவைச் சாத்தும்போது கையால் பிடித்து மெதுவாகச் சேர்த்தார். பேசவே பயந்து, எது வேண்டுமென்றாலும் எழுந்துபோய்த் தானே எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வரை சேதி போய், அவர் தன் நாயைப் பின்பக்கம் கட்டினார். அவள் தூங்கினாள். வேலையில் ஒருநாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பதைத் தானே கண்டுபிடித்தாள். குளிக்கும்போது மட்டும், தான் செய்வது சரியா என்று ஒரு கேள்வி வரும். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, எனக்கு என்றுதானே சொன்னேன் என்று தண்ணீரை ஊற்றிக்கொள்வாள்.

பிரேமலா ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கினாள். மகனுக்கு வேலை நிரந்தரமாகுமா என்று ஒருத்தி, காணாமல் போன சங்கிலி பற்றி ஒருத்தி. செல்வராணி எல்லாரிடமும் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். சாமி வந்த உடம்பு, அசதி இருக்கும் என்று அவர்களுக்குப் பிரேமலாவே சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஐயாசாமி கோயில் கூட்டத்தில் ஒன்றைச் சொன்னார். யோசித்துப் பார்த்ததில், அம்மன் ஒரு வீட்டு அஞ்சடிக்காகவா இறங்கி வந்து பேசுவாள்? சத்தம் வேண்டாம் என்றால் திருவிழாவுக்கே வேண்டாம் என்றுதான் பொருள். இந்த வருடம் ரதத்துக்கு முன்னால் உறுமி இல்லை. சங்கும் மணியும் போதும். சிலர் முணுமுணுத்தார்கள். யார் எதிர்த்துப் பேசுவது? மாஸ்டரே வாய் திறக்கவில்லை.

குணாளன் உறுமியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அலமாரிக்கு மேலே படுக்கவைத்தார். கோபமில்லை; குறை சொல்லவில்லை. அம்மன் உத்தரவு என்றார். சாயங்காலம் அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கும். சட்டென்று நினைவு வந்து, கையை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று உள்ளே திரும்பிப் பார்ப்பார். சன்னல் வழியாகச் செல்வராணி அதைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். அந்த மனிதருக்குக் குடி இல்லை, சூது இல்லை, வருடத்தில் ஒரு ராத்திரி அம்மனுக்கு முன்னால் நடக்கிற நடை மட்டும்தான் இருந்தது. அதையும் நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாமி வேசம் போட்டவள் என்பார்கள். அதைக்கூடத் தாங்கிவிடலாம். வீட்டில் வந்த அமைதி போய்விடும். அதைத்தான் நினைக்கவே முடியவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வந்தது அம்மன் இல்லங்க. நான்தான்."

அவர் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார். சரியாகக் கேட்கவில்லையோ என்று வலது காதைத் திருப்பினார். அவள் இன்னொரு முறை சொன்னாள்.

"நான்தான் சொன்னேன். உறுமி அடிக்கவும் தாங்க முடியல. ஒடம்பு நடுங்கிடுச்சு. சத்தம் வேணாம்னு சொன்னது நான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. ஞாயித்துக்கெழம சொன்னேன். சோறு போடுறப்ப சொன்னேன். நீங்க லோரி எடுக்குறப்பக்கூடச் சொன்னேன்."

அவர் சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவினார். குழாயை அடைத்துவிட்டு அங்கேயே நின்றார். திரும்பாமலே, கோயிலில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்கிறேன் என்றாள்.

மண்டபத்தில் புதுச் சாய வாடை அடித்தது. ஐயாசாமியும் கமிட்டி ஆட்களும் தோரணத்துக்குத் தென்னங்குருத்து கிழித்துக்கொண்டிருந்தார்கள். பிரேமலா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். செல்வராணி நின்றபடியே சொன்னாள். ஐயாசாமி கடைசிவரை கேட்டுவிட்டு, குழந்தையிடம் பேசுவதுபோல் சிரித்தார்.

"சாமி வந்தவங்களுக்கு நடந்தது நெனவு இருக்காதும்மா. நீ பேசுனேன்னு நீயா நெனச்சிக்கிற. யாரக் கேட்டாலும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

"எனக்கு எல்லாம் நெனவு இருக்கு மாமா."

"இருக்காதும்மா."

"எலுமிச்சம்பழத்த என் கையில வைக்க வந்தீங்க. தவறிடுச்சு. உருண்டு செருப்பு கெடக்குற எடத்துக்குப் போயிருச்சு. யாரும் பாக்கலன்னு எடுத்து வேட்டியில தொடச்சு வச்சீங்க. ரூபேந்திரன் போன்ல படம் புடிச்சான். பிரேமலா கொலவ போட்டுக்கிட்டே கீழ கெடந்த சுண்டலக் காலால ஒதுக்குனா."

குருத்து கிழித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். பிரேமலா பூவைக் கீழே வைத்தாள். ஐயாசாமி குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

"சாமி பேரச் சொல்லி இப்பிடிப் பண்ணலாமாம்மா?"

"சாமி பேர நான் சொல்லல. எனக்குன்னுதான் சொன்னேன். நீங்கதான் கும்புட்டீங்க."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கணும். தப்புதான்." அவள் கணவரைப் பார்க்கவில்லை. "எல்லாரும் கைகட்டி நின்னு கேட்டீங்க. நான் சொல்றத அப்பிடி யாரும் கேட்டதில்ல மாமா. அதான் வாய மூடிக்கிட்டேன்."

வெளியே கண்டெய்னர் ஒன்றை இறக்கும் சத்தம் கேட்டது. அவள் தோள் துள்ளி அடங்கியது. ஐயாசாமி அதைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு தேங்காயும் சூடமும் கொண்டுவந்து கொடுத்தார். உடைத்துக் கும்பிட்டுவிட்டுப் போ, அவளுக்கு உன்னைத் தெரியும் என்றார். உறுமி வழக்கம்போல ரதத்துக்கு முன்னால் வரட்டும் என்றும் சொன்னார். பிரேமலா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணியிடம் குறி கேட்க வரச் சொல்லி அவள் யார் யாருக்கோ நாள் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் குணாளன் நாலடி முன்னால் நடந்தார். கோபமா, வெட்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த உறுமியை இறக்கி, துணியைப் பிரித்து, தோலைத் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பையன்களின் வேன் வந்து வாசலில் நின்றது. மண்டபத்தில் பழகியது உத்தரவுக்காக. உத்தரவே இல்லை என்றான பிறகு பழைய இடத்துக்கு வருவதில் அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. ரூபேந்திரன் பின்கதவைத் திறந்து தவிலையும் பம்பையையும் இறக்கிவிட்டு, அஞ்சடியில் விரிக்க வேனுக்குள் பாயைத் தேடினான். செல்வராணி சமையலறையில் கெத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள்தான். தாங்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேலிக்கதவு திறக்கவில்லை. குணாளன் உள்பக்கம் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோளில் உறுமி இருந்தது.

"இங்க வேணாம்டா. மண்டபத்துக்கே போலாம். ஏத்துங்க."

"என்னா மாஸ்டர், மறுபடியும் அம்மன் உத்தரவா?" என்றான் ரூபேந்திரன்.

"அம்மன் இல்ல. என் வீட்டுக்காரி வேணாங்குறா."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மன் சொன்னாள் என்றால் கையெடுத்துக் கும்பிடத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மேளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.